எட்டாம் பக்கத்தில் எங்கள் மூன்று அங்குலம்

பெரியசாமி அண்ணனின் கருமாதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு, அவருடைய மனைவி மாரியாயி அக்கா ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்து பத்திரிகை ஒன்றை எடுத்தார். இரண்டு கிழமை பழையது. எட்டாம் பக்கத்தை விரித்துப் பாயில் வைத்தார். இரண்டு அங்குல அகலம், மூன்று அங்குல உயரம், சுற்றிவரக் கறுப்புக் கோடு போட்ட ஒரு மரண அறிவித்தல். அதற்குள் அவருடைய கணவரின் படம். அந்தப் பெட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இம்புட்டும் நம்ம ஊரு காசுல போட்டது. நம்மளுது. மிச்சம் யாருது, புள்ள?”

பதினொரு வருடம் அந்தப் பத்திரிகைக்கு நான் நிருபராக இருந்தேன். அமைச்சர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். என்னை ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. முதலாளியின் பெயரைச் சொன்னேன். அவருடைய தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர்களுடைய கம்பனிகளை விரல் மடித்துச் சொல்லிக்கொண்டு போகும்போதுதான், பாதியில், எனக்கு அந்த யோசனை தட்டியது. மூன்று அங்குலத்தை ஓர் ஊர் வாங்கலாம் என்றால் ஒரு பக்கத்தை ஏன் வாங்க ஏலாது? ஒரு பக்கத்தை வாங்கலாம் என்றால் நாலு பக்கத்தை?

அதை எப்படிச் செய்யப் பார்க்கிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் கட்டுரை வந்த விதம். வவுனியாவில் ஊடகம் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர், தங்களுடைய சஞ்சிகைக்கு ‘ஓய்வுபெற்ற பிரதேச நிருபர் ஒருவரின் அனுபவக் கட்டுரை’ வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. ஓய்வூதியம் இல்லை. நரைத்த மயிர் மூன்று இருக்கிறது, எண்ணிவிட்டேன்.

“நான் எப்பிடியடி ஓய்வு?”

“அக்கா, இப்ப வேலையிலை இல்லைத்தானே. அப்ப ஓய்வுதான்” என்றாள் அவர்களில் குட்டையானவள். தர்க்கத்தில் பிழை பிடிக்க முடியவில்லை. ‘ஊடக சுதந்திரமும் சவால்களும்’ என்று ஒரு தலைப்பும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தலைப்பில் எழுத எனக்கு வராது. ஒரு பத்திரிகை யாருடைய காசில் ஓடுகிறது என்பதை நான் கண்டுபிடித்த கதையைத்தான் எழுத வரும்.

என் அப்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டியவர். ஆகவே எனக்கு வீட்டில் ஒரு தமிழ், வெளியில் ஒரு தமிழ். பட்டம் முடித்துவிட்டு, அரச நியமனத்துக்காக வரிசையில் நின்ற காலத்தில், ‘பிரதேச நிருபர் தேவை’ என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் பயிற்சி மூன்று கிழமை. முதல் கிழமை தலைப்பு எழுதுவது, இரண்டாம் கிழமை படம் எடுப்பது, மூன்றாம் கிழமை தேநீர் வாங்கிக் கொடுப்பது. பிறகு ஓர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, “கிளிநொச்சியும் முல்லைத்தீவும் உம்மடை” என்றார்கள். இரண்டு மாவட்டங்கள் என்னுடையவை என்று எவ்வளவு பெருமையோடு பஸ் ஏறினேன்! சம்பளம் இல்லை என்பது பரந்தன் தாண்டும்போதுதான் உறைத்தது.

பிரதேச நிருபருக்குச் செய்தியால் கிடைப்பது பெற்றோலுக்கே காணாது. பிழைப்பு நடப்பது மரண அறிவித்தலில். ஓர் அறிவித்தல் பிடித்துக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு நிருபருக்கு. இது எங்கள் பக்கத்துப் பத்திரிகை வேலையில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத நடைமுறை. ஆகவே என் ஸ்கூட்டி ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினாலே சனம் படலையை எட்டிப் பார்க்கும். “பேப்பர் பிள்ளை வாறா. ஆர் போயிட்டினம்?” புதுக்குடியிருப்பில் ஒரு நாள், சுகமில்லாமல் கிடந்த ஒரு தாத்தாவை உண்மையிலேயே சுகம் விசாரிக்கத்தான் போனேன். கட்டிலில் கிடந்தபடி கையை ஆட்டினார். “இன்னும் இல்லைப் பிள்ளை. வெள்ளிக்கிழமை வந்து பார்.” பிறகு நாலு வருடம் இருந்தார். என்னைக் காணும் நேரமெல்லாம், “என்ன, நட்டமோ?” என்று கேட்பார்.

அறிவித்தல் எடுப்பதை நான் ஒரு கலையாகவே செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செத்தவீட்டுக்குள் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நுழையக் கூடாது. ஸ்கூட்டியைப் படலைக்கு வெளியே விட்டு, போய்க் கும்பிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஆம்பிளைகள் இருக்கும் பந்தலுக்குப் போகாமல் நேரே அடுப்படிக்கு, குசினிப் பக்கம் போகவேண்டும். ஆம்பிளைகளுக்கு இறந்தவரின் பதவி தெரியும். மருமக்களின் முழுப்பெயர் பெண்களுக்குத்தான் தெரியும். முதலில் பிறப்பிடம், பிறகு வதிவிடம். எங்கள் சனத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு இடங்கள் இருக்கும். அவற்றை எழுதினால் பெட்டி காணாது. பிறகு அன்பு மனைவி, பாசமிகு பிள்ளைகள், மருமக்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் நாடு. ஒரு முறை இரண்டாவது மருமகனுக்குப் பின்னால் ‘கனடா’ விடுபட்டுப்போனது. அவர் அங்கிருந்து அழைப்பெடுத்து ஏசினார்: “நான் என்ன, பரந்தனிலையே இருக்கிறன்?”

அதற்குப் பிறகு ஆவணம். கிராம அலுவலரின், எங்கள் பேச்சில் விதானையாரின், கடிதம் அல்லது இறப்புச் சான்று. இல்லாவிட்டால் எடுப்பதில்லை. எனக்கு முந்தின ஒருவரின் காலத்தில், காணிச் சண்டை ஒன்றில், உயிரோடிருந்த சித்தப்பாவுக்கு ஒருவர் அறிவித்தல் கொடுத்துவிட்டாராம். சித்தப்பா அந்தப் பேப்பரோடு பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்து, “படம் வடிவாய்த்தான் வந்திருக்கு. ஆனா நானும் வந்திருக்கிறன்” என்றாராம். அதிலிருந்து கடிதம் கட்டாயம்.

கடைசியாக, எழுதியதை வீட்டாருக்கு உரத்து வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு ஒரு சொல்லை நானும் மாற்றக் கூடாது, பத்திரிகையும் மாற்றக் கூடாது. அது குடும்பம் காசு கொடுத்து வாங்கிய இடம். மூன்று மணிக்குள் அது யாழ்ப்பாணத்தில் விளம்பரப் பகுதிக்குப் போகும். என் செய்திகள் நாலு மணிக்குள் செய்தி ஆசிரியருக்குப் போகும். ஒரே கட்டடம், வேறு வேறு மாடி. கீழ்மாடி வாங்கிய அறிவித்தலை மேல்மாடி அச்சான பிறகுதான் பார்க்கும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலை போனதும் இதனால்தான், நான் தலை நிமிர்ந்து திரிவதும் இதனால்தான்.

மேல்மாடியில் இருந்தவர் கனகசபை சேர். செய்தி ஆசிரியர். தொலைபேசியில் ‘வணக்கம்’ கிடையாது, ‘எப்படி இருக்கிறீர்’ கிடையாது. எடுத்த உடனே மூன்று கேள்வி. “ஆர் சொன்னது? எத்தினை மணிக்கு? நீர் நிண்டனீரோ?” மூன்றுக்கும் பதில் சொன்னால், நான் அனுப்பியதை எனக்கே திருப்பி வாசிப்பார். அதில்தான் பொறி. வேண்டுமென்றே ஒரு பிழை சேர்த்து வாசிப்பார். அறுபது ஏக்கரைப் பதினாறு என்பார். கிழக்கை மேற்காக்குவார். நான் “ஓம் சேர்” என்றேனோ, முடிந்தது. “உம்மடை செய்தியை நீரே கேக்கேல்லை. வாசிக்கிறவன் ஏன் கேக்கவேணும்?” என்று வைத்துவிடுவார். முதல் வருடத்தில் எத்தனை தடவை அழுதேன் என்று கணக்கில்லை. இரண்டாம் வருடம் அவர் வாயைத் திறக்க முன்னமே காதைத் தீட்டி வைத்திருப்பேன்.

ஒரு கூட்டத்துக்கு ‘நூற்றுக்கணக்கானோர்’ வந்தார்கள் என்று எழுதினேன். “எண்ணினனீரோ?” என்றார். இல்லை. செய்தி குப்பைக்குப் போனது. அடுத்த கூட்டத்துக்கு எண்பத்திரண்டு பேர் என்று எழுதினேன்.

“எப்பிடி எண்ணினனீர்?”

“மண்டப வாசலிலை செருப்பை எண்ணினனான் சேர். ரெண்டாலை பிரிச்சனான்.”

“செருப்பில்லாமல் ஆரும் வந்திருந்தா?”

“ஒரு ஐயா வந்தவர். அவரைத் தனியா எண்ணினனான்.”

அவர் சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

இப்படிப்பட்டவர் இருந்த பத்திரிகையில்தான் ‘இடமில்லை’ என்ற சொல்லும் இருந்தது. எந்தச் செய்தியையும் போடாதே என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சில செய்திகளுக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஒரு வீதி போட்டு மூன்று மாதத்தில் குழி விழுந்த செய்திக்கு இடமில்லை. அதே நாள் கடைசிப் பக்கம் முழுக்க அந்த வீதி போட்ட கம்பனியின் புத்தாண்டு வாழ்த்து. எனக்குச் சும்மா இருக்க வராது. ஓர் அடிமட்டமும் நாலு கலர் பென்சிலும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து, அரசாங்கத்தின் கேள்வி அறிவித்தலுக்கு, அதாவது டெண்டருக்கு, பச்சை, வங்கிக்கும் தொலைபேசிக் கம்பனிக்கும் நீலம், முதலாளியின் சொந்தக் கம்பனிகளுக்குச் சிவப்பு, செத்தவர்களுக்குக் கறுப்பு என்று நிறம் தீட்டினேன். செய்திக்கு நிறமில்லை, வெள்ளையாக விட்டேன். மாதக்கணக்கில் செய்து பார்த்தேன். வெள்ளையை விடக் கறுப்புத்தான் கூட. எங்களுடைய செத்தவர்களும், அவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் காசும்தான் அந்தப் பத்திரிகையை நடத்துகின்றன. ஆனால் பேச்சு சிவப்பின் பேச்சு. காசு போடுகிறவர் ஒருவர், ஆள்கிறவர் ஒருவர். இதைக் கண்டுபிடித்த நாளில் நான் பெரிய ஆராய்ச்சிக்காரியைப் போல் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இனிப் பெரியசாமி அண்ணனின் விஷயம். ஊரின் பெயரை எழுதவில்லை. புதுக்குடியிருப்பு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குளத்தடி ஊர். பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பாதிப் பேர் எங்களைப் போல மலையகத்து வழி. குளத்தின் அலைகரையில், அதாவது மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும் மேல்கரையில், ஒரு கம்பனி வீதிக்கென்று கிரவல் மண் தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டி முடித்த கிடங்குகளை, அந்தப் பெரிய பள்ளங்களை, மூடவில்லை, வேலியும் போடவில்லை. ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர் தர்மு அண்ணன் எனக்கு அழைப்பெடுத்தார்.

“பிள்ளை, மாரி பிறந்தா உந்தக் கிடங்கும் குளமும் ஒண்டாத் தெரியும். மாடோ மனுசனோ, ஆரோ ஒருத்தர் போகப்போகினம். வந்து பார்.”

போனேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தேன். பதினெட்டு அடி. அனுமதிப் பலகையில் கம்பனியின் முகவரி இருந்தது. எங்கேயோ பார்த்த முகவரியாக இருந்தது. ஸ்கூட்டிப் பெட்டிக்குள் கிடந்த எங்கள் பத்திரிகையை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தேன். ‘அச்சிட்டு வெளியிடுவோர்’ என்று பொடி எழுத்தில் இருக்குமே, அந்த வரி. அதே தெரு, அதே இலக்கம். முதலாளியின் தம்பியின் கம்பனி.

இருந்தாலும் அனுப்பினேன். இடமில்லை. படத்தோடு அனுப்பினேன். இடமில்லை. மூன்றாம் முறை கனகசபை சேரே அழைப்பெடுத்தார். அன்றைக்கு மூன்று கேள்வியும் இல்லை.

“பிள்ளை, இது வராது.”

“ஏன் சேர்?”

“விளங்காத மாதிரிக் கேக்கவேண்டாம்.”

என்னை ‘நீர்’ என்று சொல்கிறவர் ‘பிள்ளை’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

கார்த்திகையில் மழை தொடங்கி நாலாம் நாள், பொழுது படும் நேரம், பெரியசாமி அண்ணன் வீடு திரும்பாத எருமை ஒன்றைத் தேடி அலைகரைக்குப் போனார். எருமை தானாக வந்து சேர்ந்தது. அவரை அடுத்த நாள் காலையில் கிடங்குக்குள் இருந்து எடுத்தார்கள். நான் நின்றேன். மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, ‘கிரவல் கிடங்கில் தேங்கிய நீரில் மூழ்கி’ என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். அப்படியே எழுதிச் செய்தி அனுப்பினேன். மனிதன் செத்ததற்கு இடம் இருந்தது. மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வந்தது: ‘குளத்தில் தவறி வீழ்ந்து குடும்பஸ்தர் பலி.’

குளத்தில்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன். ஒளித்து என்ன பயன், ஊரில் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. மாரியாயி அக்கா அழுது களைத்து, சுவரில் சாய்ந்து இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“அவரு அந்தக் கொளத்துல நாப்பது வருசம் எறங்கி ஏறினவரு. கொளம் அவர ஒண்ணும் செய்யல. நம்ம கொளத்து மேல ஏன் புள்ள கொலப்பழி போட்டீங்க?”

‘போட்டீங்க’ என்றார். என்னையும் சேர்த்து. நான் எழுதியது வேறு, அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். பத்திரிகையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பந்தலில் இருந்த தர்மு அண்ணன் விடவில்லை.

“இனி ஆர் கேட்டாலும் குளத்திலை விழுந்ததெண்டுதான் கதை. பேப்பரிலை வந்திட்டுதெல்லோ. கிடங்கு கிடந்தபடி கிடக்கும். அடுத்தது ஆரின்ரை வீட்டிலையோ?”

மாரியாயி அக்கா என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கறவங்க படத்தோட போடுறாங்களே. அதுல நம்ம சொல்றது அப்புடியே வருமா? இல்ல, அதையும் திருத்துவாங்களா?”

பதினொரு வருடமாக நான் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய வீடுகள் எத்தனை. எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

“திருத்தேலாதக்கா. நீங்கள் கையெழுத்து வைச்சா ஒருத்தரும் ஒரு எழுத்துத் தொடேலாது.”

அந்த ஊரின் மலையக வழி வீடுகளிலிருந்து அதுவரை ஓர் அறிவித்தலும் பத்திரிகையில் வந்ததில்லை. வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் அனுப்ப? தர்மு அண்ணன் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். ஒரு மணித்தியாலத்தில் ஊர் கூடி, அறிவித்தலுக்கான காசும் சேர்ந்துவிட்டது. என் பங்கை நான் எடுக்கவில்லை. குசினி வாசலில் இருந்து எழுதினேன். பிறப்பிடம் ஒரு தோட்டம். வதிவிடம் இந்தக் குளத்தடி. மூன்று பிள்ளைகள், அடைப்புக்குறி இல்லாமல். பிறகு வழக்கமாக ‘காலமானார்’ என்று வரும் இடத்தில், மாரியாயி அக்கா சொல்லச் சொல்ல: ‘எங்கள் குளத்தின் அலைகரையில் வீதிக் கம்பனி தோண்டி மூடாமலும் வேலி போடாமலும் விட்ட பதினெட்டு அடிக் கிரவல் கிடங்கில் வீழ்ந்து காலமானார்.’ முடிவில் எல்லா அறிவித்தலிலும் வரும் வரி ஒன்று உண்டு: ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’ அதை நான் வாசித்தபோது தர்மு அண்ணன் கையை உயர்த்தினார்.

“பொறு பிள்ளை. நண்பர்களுக்குப் பக்கத்திலை, ‘கிடங்கு தோண்டியோர்’ எண்டும் போடு. அவையும் ஏற்றுக்கொள்ளட்டும்.”

செத்தவீட்டில் சிரிக்கக் கூடாது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள். மாரியாயி அக்கா குனியவில்லை. “போடு” என்றார். பேனாவை வாங்கி, தன் பெயரை எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

களவாக ஒன்றும் செய்யவில்லை. விளம்பரப் பகுதியில் வசந்தி என்ற பிள்ளைதான் தட்டச்சுச் செய்கிறவள். அனுப்பி ஐந்து நிமிடத்தில் அழைப்பெடுத்தாள்.

“அக்கா, இது வீட்டுக்காரர் சொன்னபடியோ?”

“அவா சொல்லி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வைச்சது.”

“விதானையாற்றை கடிதம்?”

“இருக்கு. கிடங்கு எண்டுதான் அவரும் எழுதியிருக்கிறார்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்ப எனக்கு எழுத்துப்பிழை பாக்கிறது மட்டுந்தான் வேலை. ‘வீழ்ந்து’வுக்குச் சிறப்பு ழகரம் விடுபட்டிருக்கு, போட்டுவிடுறன்.”

எங்கள் சனம் பத்திரிகையை எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கும் என்று நினைக்கிறீர்கள்? செத்தவர்கள் பக்கத்திலிருந்து. காலை ஏழு மணி பஸ்ஸில் பேப்பர் இறங்கியது. எட்டு மணிக்குப் புதுக்குடியிருப்புக் கடைகளில் எட்டாம் பக்கம் கையிலிருந்து கைக்குப் போனது. ஒன்பது மணிக்குக் கனடாவிலும், மத்தியானத்துக்குள் லண்டனிலும் இருந்தவர்கள் அதைப் படம் பிடித்து எனக்கே திருப்பி அனுப்பினார்கள், “இதைப் பார்த்தீங்களோ?” என்று. ‘கிடங்கு தோண்டியோர்’ என்ற சொல்லைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். பின்னேரம் பெரியசாமி அண்ணனை எடுத்துக்கொண்டு போகும்போது, முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பின்னால் நடந்தார்கள்.

சுடலைக்குப் போகும் வழியிலேயே என் கைத்தொலைபேசி அடித்தது. கனகசபை சேர். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

“பதினெட்டு அடி எண்டு போட்டிருக்கு. ஆர் அளந்தது?”

“நான்தான் சேர்.”

“எதாலை?”

“கயித்திலை கல்லைக் கட்டி விட்டனான். முடிச்சுப் போட்டு, முழக்கோல் வைச்சுப் பாத்தனான்.”

“கரையிலிருந்தோ, தண்ணி மட்டத்திலிருந்தோ?”

“கரையிலிருந்து. அப்ப தண்ணி இல்லை.”

பின்னால் அச்சு இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு, “ஐஞ்சாம் பக்கத்துச் செய்தியிலை குளம் எண்டு மாத்தினது நான். முப்பது வருசத்திலை தெரிஞ்சுகொண்டு போட்ட பிழை அது ஒண்டுதான். திருத்தம் நானே எழுதிறன். நீர் அனுப்பவேண்டாம்” என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பக்கத்தின் அடியில் நாலு வரி வந்தது. குளம் அல்ல, கிரவல் கிடங்கு. யாருடைய கிடங்கு என்பதையும் எழுதியிருந்தார். அதே கிழமை கிடங்கைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. அடுத்த கிழமை டிப்பர்கள் மண் கொண்டுவந்து கொட்டின. அவர்கள் மண் அள்ளிப் போனதைத்தான் ஊர் பார்த்திருந்தது. கொண்டுவந்து கொட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தது. பெடியள் வரிசையில் நின்று டிப்பர் எண்ணினார்கள்.

கனகசபை சேரை ஞாயிறு சோதிடப் பகுதிக்கு மாற்றினார்கள். ராசிபலனுக்கும் “ஆர் சொன்னது?” என்று கேட்பதாக வசந்தி சொல்கிறாள். எனக்குக் கடிதம் வந்தது, பிரதேச நிருபர் அமைப்பை மறுசீரமைக்கிறார்களாம், அட்டையைத் திருப்பித் தரவேண்டுமாம். கூடவே ஒரு புதிய விதி: இனிமேல் மரண அறிவித்தல்களையும் ஆசிரியர் பீடம் பார்த்த பின்னரே அச்சிடவேண்டும். ஒரு தமிழ்ப் பத்திரிகை செத்தவர்களைக் கண்டு பயப்படும்படி செய்தவள் என்று என்னை அறிமுகப்படுத்தினால் நான் மறுக்கமாட்டேன்.

இதெல்லாம் நடந்து முடிந்த நேரத்தில்தான் கருமாதி, பாய், மாரியாயி அக்காவின் கேள்வி.

இப்போது செய்யப்போவது இது. நாலு பக்கம், மாதம் இரண்டு முறை, கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் அடிப்பது. குளத்தடி ஊர்கள் ஐந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. கூடக் கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கலாம், அதனால் வாக்கு அதிகமாகாது. கனடாவிலிருந்து ஒருவர் முழுச் செலவையும் தான் ஏற்பதாகவும், ஆசிரியரைத் தான் நியமிப்பதாகவும் சொன்னார். அவருக்கும் ஒரு பங்கு தரலாம் என்று மரியாதையாக எழுதிவிட்டோம். பங்காளர் பெயரும் விளம்பரம் தருகிறவர் பெயரும் முதல் பக்கத்தின் தலைப்பிலேயே, பொடி எழுத்தில்லாமல் வரும். மரண அறிவித்தல் எல்லாருக்கும் ஒரே அளவு. பெயர் வைப்பதில் மட்டும் இன்னும் சண்டை முடியவில்லை.

கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்து, வீடு வீடாகப் போய், இதற்காக உழைத்தவர் தர்மு அண்ணன். “எங்கடை பேப்பரிலை எங்களைப் பற்றிப் பிழையா வந்தா?” என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டபோது, “பிழையா வராது. பிழை விட்டா வரும்” என்று பதில் சொன்னவரும் அவர்தான். கைதட்டினார்கள்.

போன கிழமை மாரியாயி அக்கா என்னைக் கூப்பிட்டு வாய்க்காலின் கடைசிக்குக் கூட்டிப்போனார். அவருடைய வயல் அங்கேதான். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைசி வயல்களின் முறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, நாலு வயல் வெடித்துக் கிடந்தன. திங்கள் காலையிலேயே துருசு, குளத்து மதகு, திறக்கப்பட்டு, தண்ணீர் மேல் வயல் ஒன்றுக்குப் போயிருந்தது. யார் திறந்தது என்று மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். துருசின் திறப்பு, அதாவது சாவி, கமக்கார அமைப்பின் தலைவரிடம் இருக்கும். வயல் தர்மு அண்ணனுடையது.

புதுப் பேப்பரின் குழுவில் இருவர் என்னைத் தனியாகக் கண்டு சொல்லிவிட்டார்கள். “தங்கச்சி, முதல் இதழிலையே அவரைப் போட்டா பேப்பர் உடைஞ்சிடும். ரெண்டாம் இதழிலை பாப்பம்.” அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது. அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்தப் பேப்பரே இல்லை.

“எழுதுவியா, புள்ள?” என்று மாரியாயி அக்கா கேட்டார். வெடித்த வயலில் நின்றுகொண்டு கேட்டார். எழுதுவேன் என்றேன். ஆனால் தர்மு அண்ணன் சொல்வதைக் கேட்காமல் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன்.

செய்தி ஆயத்தமாக இருக்கிறது. இருபத்தாறு வரி. நாளைக் காலை ஆறு மணிக்கு, அவர் வயலுக்கு இறங்க முன்னம், தர்மு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். முழுவதையும் அவருக்கு உரத்து வாசித்துக் காட்டி, “திங்கட்கிழமை துருசை ஏன் திறந்தனீங்கள் அண்ணை?” என்று கேட்பேன். அவர் என்ன சொன்னாலும் அதையும் சேர்த்து இருபத்தேழாம் வரியிலிருந்து எழுதுவேன். படலையைச் சாத்தினால் படலையைச் சாத்தினார் என்று எழுதுவேன். முதல் இதழ், முதல் பக்கம், பங்காளர் பட்டியலுக்கு நேர் கீழே. பட்டியலில் முதல் பெயர் அவருடையது.